பூட்டை மாற்றியது யார்?

கேள்வி: நாற்பது வருஷமாக நான் நெஞ்சில் வைத்திருக்கும் பாட்டு, குளோரியா கேய்னரின் 'ஐ வில் சர்வைவ்'. கல்லூரி விடுதியில் கேசட் நாடா தேயத் தேயக் கேட்டது. போன வாரம் பேரன் தன் போனில் அதையே 'கேக்' என்கிற ராக் குழு பாடியதைப் போட்டுக் காட்டினான். தூக்கத்தில் பேசுகிறவன் மாதிரி ஒருவன் பாடுகிறான். நடுவில் கெட்ட வார்த்தை வேறு. தேடிப் பார்த்தால் கன்ட்ரி, சல்சா, ஸ்விங் என்று ஆளாளுக்குக் கை வைத்திருக்கிறார்கள். சொந்தமாக மெட்டுப் போட வக்கில்லாதவர்கள் நல்ல பாட்டைக் கெடுப்பதைத் தடுக்கச் சட்டமே கிடையாதா?
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், திருச்சி

பதில்: வங்கியில் இருந்தவர் நீங்கள். கடன் கொடுக்கும் முன் மூலப்பத்திரத்தைப் பார்த்திருப்பீர்கள். இந்தப் பாட்டுக்கும் ஒருமுறை பார்த்திருக்கலாம்.

1978-இல் 'ஐ வில் சர்வைவ்' வெளிவந்தபோது, அது இசைத்தட்டின் பின்பக்கத்தில்தான் இருந்தது. கம்பெனி நம்பிக்கையோடு முன்பக்கத்தில் வைத்த பாட்டு 'சப்ஸ்டிடியூட்'. அது ரைச்சஸ் பிரதர்ஸ் முன்பே பாடி வெளியிட்ட பாட்டு. அதாவது, ஒரு கவர் பாட்டுக்கு (ஒருவர் பாடியதை இன்னொருவர் மறுபடி பாடுவது) துணையாக அனுப்பப்பட்டதுதான் உங்கள் அசல். நியூயார்க்கின் ஸ்டுடியோ 54 போன்ற கிளப்புகளில் டிஜேக்கள் தட்டைத் திருப்பிப் போட்டார்கள். 1979 மார்ச்சில் அமெரிக்கப் பட்டியலில் அது முதலிடம் பிடித்தது.

சரி, அதற்கும் முன்னால் போவோம். கேய்னருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது எது? 'நெவர் கேன் சே குட்பை'. 1971-இல் ஜாக்சன் ஃபைவ் உருகி உருகிப் பாடியது. கேய்னர் சில வருஷம் கழித்து அதே பாட்டை எடுத்து டிஸ்கோ ஓட்டத்தில் விரட்டினார். அந்த ஆல்பத்தின் ஒரு பக்கம் முழுவதும், சுமார் 19 நிமிஷம், மூன்று பாட்டுகளை இடைவெளி இல்லாமல் கோத்துக் கொடுத்தவர் டாம் மோல்டன். அந்த மூன்றில் இன்னொன்று ஃபோர் டாப்ஸ் குழு முன்பே பாடிய பாட்டு. உங்கள் 'வக்கில்லாதவர்கள்' பட்டியலில் கேய்னர் பெயரையும் எழுதிக்கொள்ளலாமா?

'ஐ வில் சர்வைவ்' அவர் எழுதியதும் இல்லை. ஃப்ரெடி பெரன், டினோ ஃபெகாரிஸ் என்ற இருவர் எழுதியது. மோடவுன் என்ற இசைத்தட்டுக் கம்பெனியில் வேலை போன சமயத்து மனநிலையிலிருந்து பிறந்த பாட்டு என்று ஃபெகாரிஸே சொல்லியிருக்கிறார். நாம் காதல் தோல்வி என்று நினைத்துக் கேட்டது, ஆரம்பத்தில் ஒருத்தரின் வேலை போன கதை! மேடையில் விழுந்து முதுகெலும்பில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட கேய்னர், முதுகுப் பட்டையோடு நின்று அதைப் பாடினார். அவர் நினைத்தது தன் முதுகையாகத்தான் இருக்கும். ஆக, முதல் பதிவிலேயே பாட்டுக்கு இரண்டு அர்த்தம் ஆகிவிட்டது.

ஆளாளுக்கு ஏன் இதையே எடுக்கிறார்கள் என்பதற்கு மெட்டிலேயே பதில் இருக்கிறது. மொத்தம் எட்டே கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு. ஸ-விலிருந்து ம-வுக்குப் போய், அந்த ம-வையே ஸ-வாக வைத்து அடுத்த ம-வுக்குப் போவதுபோல ஒவ்வொரு கார்டும் அடுத்ததைத் தள்ளிவிடும். நடுவில் ஒரு இடத்தில் மட்டும் பிரதி மத்யமம் மாதிரி கொஞ்சம் கோணல். எட்டு முடிந்தால் மறுபடி முதல். பல்லவிக்குத் தனி மெட்டே கிடையாது. சரணத்துக்கும் பல்லவிக்கும் ஒரே சக்கரம்தான். அதை வேகமாகச் சுற்றினால் ஆட்டம். சான்டே சாவேஜ் 1996-இல் மெதுவாகச் சுற்றினார், அழுகை வந்தது. பில்லி ஜோ ஸ்பியர்ஸ் 1979-லேயே கன்ட்ரியாகப் பாடிவிட்டார். நீங்கள் கேசட் வாங்குவதற்கு முன்பே இருக்கலாம்.

'கேக்' விஷயத்தில் கேய்னர் உங்கள் பக்கம்தான். கெட்ட வார்த்தை இருப்பதால் அந்தப் பதிவு தனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லியிருக்கிறார். மன்னிக்கவும், நான் அந்தப் பக்கம் இல்லை. பாட்டில், விட்டுப் போன காதலன் திரும்பி வந்து நிற்கிறான். பூட்டை அப்போதே மாற்றியிருக்க வேண்டும் என்று கேய்னர் பாடும்போது பூட்டு மாறிவிட்டது என்று நமக்குத் தெரியும். அவர் மீண்டுவிட்டவர். 'கேக்' பாடகர் ஜான் மெக்ரே அதே வரியைத் தட்டையாகச் சொல்லும்போது நாம் நம்ப மாட்டோம். மூடிய கதவுக்கு உள்ளே நின்று 'நான் நன்றாகத்தான் இருக்கிறேன்' என்று தனக்கே சொல்லிக்கொள்கிற ஆளின் குரல் அது. நீங்கள் தூக்கத்தில் பேசுவதாக நினைத்தவன், தூக்கமே வராதவன்.

சல்சா என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டீர்களே, அது செலியா க்ரூஸ். கியூபாவை விட்டு 1960-இல் கிளம்பியவர். 1962-இல் தாய் இறந்தபோதுகூட ஊருக்குள் விடவில்லை. 2000-இல், எழுபது வயதைத் தாண்டிய பிறகு, 'யோ விவிரே' என்று இதே மெட்டை ஸ்பானிய மொழியில் பாடினார். வரிகள் மொழிபெயர்ப்பு இல்லை. வாசலில் வந்து நிற்கும் பழைய காதலன் அதில் கிடையாது. இருப்பது விட்டு வந்த மண்ணும் அவர் குரலும். மூன்று வருஷத்தில் அவர் போய்விட்டார், கியூபாவில் மறுபடி வாழாமலே. அசலைவிட எனக்கு இதுதான் பிடிக்கும் என்று சொன்னால் சந்தாவை நிறுத்திவிடுவீர்களோ?

இன்னொன்று. 1979 ஜூலை 12 அன்று சிகாகோ பேஸ்பால் மைதானத்தில் டிஸ்கோ பிடிக்காதவர்கள் டிஸ்கோ தட்டுகளைக் குவித்து வெடி வைத்துத் தகர்த்தார்கள். சரியாக 19 வருஷம் கழித்து, 1998 ஜூலை 12 அன்று, பிரேசிலை 3-0 என்று தோற்கடித்துப் பிரான்ஸ் உலகக் கோப்பையை வாங்கியது. அந்த அணியின் வெற்றிப் பாட்டு 'ஐ வில் சர்வைவ்'. ராட்டர்டாம் மாணவர் குழுவான ஹெர்மிஸ் ஹவுஸ் பேண்ட் பாடிய 'லா லா லா' கவர். கேட்கச் சகிக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு நாடே தெருவில் நின்று பாடியது.

சட்டம் கேட்டீர்கள். அமெரிக்காவில் 1909-லேயே வழி செய்துவிட்டார்கள். பாடல் ஒருமுறை பதிவாகி வெளியானால், பாட்டை எழுதியவர்களுக்கு விதித்த தொகையைக் கட்டிவிட்டு யாரும் தங்கள் பாணியில் பதிவு செய்யலாம். அப்போது பிரதிக்கு 2 சென்ட். வரியை மாற்றவோ மொழிபெயர்க்கவோ தனி அனுமதி வேண்டும். முதலில் பாடியவரைக் கேட்க வேண்டியதில்லை. நம் ஊரில் 2012 திருத்தத்துக்குப் பிறகு முதல் பதிவு வந்த ஆண்டு முடிந்து 5 ஆண்டு காத்திருக்க வேண்டும். குறைந்தது 50,000 பிரதிக்கு ராயல்டியும் கட்ட வேண்டும்.

பேரனிடம் ஒன்று கேளுங்கள். ஜாக்சன் ஃபைவின் 'நெவர் கேன் சே குட்பை'யைப் போடச் சொல்லுங்கள். பாடுவது 12 வயது மைக்கேல் ஜாக்சன். அதை முழுக்கக் கேட்டுவிட்டு, கேய்னர் அதைக் கெடுத்துவிட்டார் என்று எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் போடுகிறேன்.