விமானத்தில் 'டிகாஸ்' (வேறு விமானத்தோடு மோதாமல் காக்கும் கருவி) தரும் எச்சரிக்கை பொய்யென்று விமானிக்குத் தோன்றினால், அதைப் புறக்கணிக்கலாமா?

கூடாது. எதிரே எந்த விமானமும் தெரியாவிட்டாலும், கட்டுப்பாட்டு அறை வேறு மாதிரி சொன்னாலும், டிகாஸ் "கிளைம்ப்" (ஏறு) என்றால் ஏற வேண்டியதுதான். ஸ்டால் (இறக்கைகள் தூக்கும் சக்தியை இழக்கும் நிலை) எச்சரிக்கையோ தரைமோதல் எச்சரிக்கையோ கூடவே அலறினால் மட்டும் அவற்றுக்கு முதலிடம். ஐந்து வினாடிக்குள் விமானி செயல்படத் தொடங்கியிருக்க வேண்டும். நிஜமா பொய்யா என்று பட்டிமன்றம் நடத்த நேரமில்லை.

2002 ஜூலை 1 இரவு, ஜெர்மனியின் ஊபர்லிங்கன் மேலே ரஷ்ய டுபோலெவுக்கு டிகாஸ் "ஏறு" என்றது, சூரிச் கட்டுப்பாட்டாளர் "இறங்கு" என்றார். அவர்கள் இறங்கினார்கள். எதிரே வந்த டிஎச்எல் சரக்கு விமானமும் தன் டிகாஸ் சொன்னபடி இறங்கிக்கொண்டிருந்தது. 71 பேர் இறந்தார்கள். ரேடார் திரை முன்னால் உட்காரும் என்னைப் போன்றவர்களுக்கு இன்று விதி தெளிவு: விமானி "டிகாஸ் ஆர்.ஏ." (டிகாஸ் ஏறவோ இறங்கவோ கட்டளை தந்திருக்கிறது) என்று சொன்னதும் "ரோஜர்" சொல்லிவிட்டு, அவர் "கிளியர் ஆஃப் கான்ஃப்ளிக்ட்" (மோதல் ஆபத்து நீங்கியது) என்று சொல்லும் வரை அந்த விமானத்தை ஏறு, இறங்கு என்று சொல்லக் கூடாது.

இனி அந்தப் 'பொய்' விஷயம். விமானிகள் அலுத்துக்கொள்ளும் எச்சரிக்கைகளில் நிறைய உண்மையில் பொய்யே அல்ல, தேவையில்லாதவை. ஒரு விமானம் 33,000 அடியில் நேராகப் போகிறது. கீழிருந்து இன்னொன்று, 32,000 வரை அனுமதி வாங்கிக்கொண்டு, நிமிடத்துக்கு 3,000 அடி வேகத்தில் ஏறி வருகிறது. அது 32,000-இல் நின்றுவிடும் என்று எனக்குத் தெரியும், விமானிகளுக்கும் தெரியும். டிகாஸுக்கு மட்டும் தெரியாது. அது 1030 மெகாஹெர்ட்ஸில் பக்கத்து விமானத்தின் டிரான்ஸ்பாண்டரை (கேட்டால் தன் உயரத்தைப் பதிலாக அனுப்பும் கருவி) கேட்டு, 1090-இல் வரும் பதிலை வைத்து, இதே வேகத்தில் போனால் எப்போது மோதும் என்று கணக்குப் போடுகிறது. அரை நிமிடம்தான் இருக்கிறது என்று விடை வந்தால் வாயைத் திறந்துவிடும். கடைசி 1,000 அடியில் ஏறும் வேகத்தை நிமிடத்துக்கு 1,500 அடிக்குக் குறைத்தால் பெரும்பாலும் சத்தமே வராது. இதைச் சொல்லிச் சொல்லி எங்களுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். ஏர்பஸ் இப்போது அந்த வேலையை ஆட்டோபைலட்டே செய்யும்படி ஒரு வசதி வைத்திருக்கிறது.

சுத்தப் பொய்யும் உண்டு, ஆனால் அது பெரும்பாலும் தரையிலிருந்து வருவது. ஹேங்கரில் (விமானக் கொட்டகையில்) டிரான்ஸ்பாண்டரைச் சோதிக்கும்போது செயற்கையாக ஓர் உயரத்தைக் கொடுத்து, ஆன்டெனாவை மறைக்காமல் விட்டால், மேலே போகிறவருக்கு அங்கே ஒரு பேய் விமானம் தெரியும்.

2025 மார்ச் 1 அன்று வாஷிங்டன் ரீகன் விமான நிலையத்துக்கு இறங்கி வந்த பல விமானங்களுக்கு, பக்கத்தில் யாருமே இல்லாதபோது எச்சரிக்கை வந்தது. சிலர் தரையிறங்காமல் மேலே போய்ச் சுற்றி வந்தார்கள். அமெரிக்க அதிபரின் பாதுகாப்பைக் கவனிக்கும் சீக்ரெட் சர்வீஸும் கடற்படையும் டிரோன் எதிர்ப்புக் கருவியை டிகாஸின் அலைவரிசைக்கு அருகிலேயே சோதித்ததுதான் காரணம் என்று செனட் விசாரணையில் சொல்லப்பட்டது. அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்.ஏ.ஏ. முன்பே எச்சரித்திருந்ததாம்! அதே விமான நிலையத்துக்கு அருகே ஜனவரி 29 அன்று பயணிகள் விமானமும் ராணுவ ஹெலிகாப்டரும் மோதி 67 பேர் இறந்தபோது, டிகாஸ் "டிராஃபிக், டிராஃபிக்" என்பதோடு நின்றது. தரையிலிருந்து சுமார் 1,000 அடிக்குக் கீழே அது ஏறு, இறங்கு என்று கட்டளை தராது, வடிவமைப்பே அப்படி.

தொல்லை என்று எச்சரிக்கையை அணைத்து வைத்த கதை எங்கள் பக்கத்திலும் இருக்கிறது. பசிபிக் கடலில் உள்ள அமெரிக்கத் தீவான குவாமில், விமானம் ஆபத்தான தாழ்வில் வந்தால் கட்டுப்பாட்டாளருக்குச் சொல்லும் ரேடார் மென்பொருள், வீண் அலறலைக் குறைப்பதற்காக 54 கடல் மைல் தொலைவுக்குள் முடக்கப்பட்டிருந்தது. 1997 ஆகஸ்டில் கொரியன் ஏர் 801 அங்கே குன்றில் மோதி 228 பேர் இறந்தார்கள். விமானியின் தவறுதான் முதல் காரணம். ஆனால் அந்த முடக்கத்தையும் விசாரணை அறிக்கை காரணங்களில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது.