சொந்தக் காசில் தெரபி: நீங்கள் கேட்டதும் நான் சொன்னதும்

17 வருடமாகத் தனியாகத் தெரபி, அதாவது பேச்சு வழியாக மனதுக்குச் செய்யும் சிகிச்சை, பார்க்கிறேன். எந்த இன்சூரன்ஸோடும் ஒப்பந்தம் கிடையாது, வருகிறவர்கள் தங்கள் கையிலிருந்துதான் ஃபீஸ் கொடுக்கிறார்கள். தொடங்குவதற்கு முன் என்ன தெரிய வேண்டுமோ கேளுங்கள் என்றேன். கேட்டுத் தள்ளிவிட்டீர்கள்.

கே: முதல் தடவை போன் பேசும்போதே பணத்தைப் பற்றிக் கேட்கலாமா? தப்பாக நினைத்துக்கொள்வாரோ?

கேட்டே ஆக வேண்டும். ஒரு செஷனுக்கு எவ்வளவு, அது எத்தனை நிமிடம் (ஒரு மணி நேரம் என்று பேச்சுக்குச் சொன்னாலும் பல பேருக்கு அது 50 நிமிடம்தான், மீதியில் குறிப்பு எழுதுவோம், தண்ணீர் குடிப்போம்), வர முடியாவிட்டால் எத்தனை மணி நேரம் முன்னால் சொல்ல வேண்டும், ஃபீஸை எப்போது ஏற்றுவீர்கள், நடுவில் போன் செய்தால் அதற்குத் தனிக் காசா, வேலை செய்யும் இடத்துக்கோ கோர்ட்டுக்கோ கடிதம் வேண்டுமென்றால் தருவீர்களா, அதற்கு எவ்வளவு. இதையெல்லாம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு போதாது. காசைப் பற்றிப் பேசவே நெளிகிற ஆளிடம் போய் உங்கள் அப்பா மேல் இருக்கும் கோபத்தை எப்படிப் பேசுவீர்கள், சொல்லுங்கள்? எனக்கு அதுதான் முதல் பரீட்சை.

கே: எனக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது. அப்புறம் எதற்குக் கைக்காசு?

இன்சூரன்ஸ் நல்லபடியாகக் கொடுக்கிறது, அதில் உங்களுக்குப் பிடித்த ஆளும் கிடைக்கிறார் என்றால் தாராளமாக அதிலேயே போங்கள். கைக்காசில் கிடைப்பது இரண்டு. இன்சூரன்ஸ் பணம் தர வேண்டுமென்றால் பெரும்பாலும் ஒரு நோயின் பெயரை, அதற்குரிய குறியீட்டோடு எழுதியாக வேண்டும். பொதுவான பதற்றக் கோளாறு என்றால் எஃப்41.1, இப்படி. அது உங்கள் பதிவில் ஏறிவிடும். கல்யாணம் முறிந்த துக்கத்தில் வருகிறவருக்கு எந்தக் குறியீட்டை எழுதுவது? கைக்காசு என்றால் அந்தக் கட்டாயம் இல்லை. இரண்டாவது, எத்தனை செஷன் என்பதை மூன்றாவது ஆள் முடிவு செய்ய மாட்டார். ஆனால் ஒன்று, நீங்களே ரசீதைக் கொடுத்துப் பணத்தைத் திரும்ப வாங்கப் போகிறீர்கள் என்றால் அந்தக் குறியீடு ரசீதில் வந்து உட்கார்ந்துவிடும். எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதையும் முன்கூட்டியே இன்சூரன்ஸ்காரரிடம் கேளுங்கள், என்னிடம் கேட்காதீர்கள்.

கே: மொத்தம் எத்தனை செஷன் ஆகும்?

1986-இல் ஹோவர்டு என்ற உளவியல் ஆய்வாளரும் கூட்டாளிகளும் பழைய ஆய்வுகளைச் சேர்த்து ஒரு கணக்கு போட்டார்கள். சுமார் பாதிப் பேருக்கு 8 செஷனுக்குள் அளவிடக்கூடிய முன்னேற்றம், 26 ஆகும்போது முக்கால்வாசிப் பேருக்கு. இது சராசரி, உங்கள் ஜாதகம் அல்ல. நான் சொல்வது: வாரம் ஒரு செஷன் என்று 8 வாரத்துக்குத் தாங்குமா என்று பட்ஜெட் போடுங்கள், அங்கே நின்று, என்ன மாறியிருக்கிறது என்று இருவரும் வெளிப்படையாகப் பேசுங்கள்.

கே: 10 செஷனுக்கு மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்கிறார்.

கட்டாதீர்கள். மூன்றாவது செஷனில் பிடிக்காமல் போனால், கட்டிய காசுக்காகவே மீதி ஏழுக்கும் போய் உட்காருவீர்கள். அப்படி வந்து சேர்ந்த எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன்.

கே: டாக்டர், தூக்க மாத்திரையை நிறுத்தலாமா?

நான் டாக்டர் இல்லை. மாத்திரை எழுதிக் கொடுத்தவரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கே: குழந்தைக்குத் திடீர்க் காய்ச்சல், போக முடியவில்லை. முழு ஃபீஸும் வாங்கிக்கொண்டார். இது கொள்ளை இல்லையா?

வலிக்கும்தான். ஆனால் அந்த நேரத்தை அவர் வேறு யாருக்கும் கொடுக்க முடியவில்லை. இந்த வழக்கத்துக்கு வயது நூறுக்கு மேல். பேச்சு சிகிச்சையின் முன்னோடியான ஃப்ராய்டு 1913-இல் எழுதியிருக்கிறார்: நோயாளி ஒரு மணி நேரத்தை வாடகைக்கு எடுக்கிறார், வந்தாலும் வராவிட்டாலும் அது அவர் பொறுப்பு. நான் அவ்வளவு கறார் இல்லை, வருடத்துக்கு இரண்டு தடவை விட்டுவிடுவேன். அதையும் எழுதிக் கொடுத்துவிடுவேன்.

கே: அதே ஃப்ராய்டுதானே இலவசமாகப் பார்த்தால் பலிக்காது என்றும் சொன்னார்? அப்படியென்றால் ஃபீஸ்தான் குணமாக்குகிறதா?

வாருங்கள், இதற்குத்தான் காத்திருந்தேன். அதே 1913 கட்டுரைதான். சுமார் பத்து வருடம் தினமும் ஒரு மணி நேரம், சமயத்தில் இரண்டு, இலவசமாகப் பார்த்ததாகவும், அதனால் சிகிச்சைக்கு நோயாளியின் மனம் போடும் தடைகள் கூடின என்றும் எழுதினார். எங்கள் தொழிலில் ஃபீஸ் ஏற்றுகிறவர்கள் எல்லோரும் இதோடு நிறுத்திக்கொள்வார்கள். ஐந்து வருடம் கழித்து, 1918-இல் புடாபெஸ்ட் மாநாட்டில் அதே மனிதர், ஏழைகளுக்கும் மன சிகிச்சைக்கு உரிமை உண்டு, அது இலவசமாகக் கிடைக்கும் காலம் வரும் என்று பேசினார். 1920-இல் அவருடைய சீடர்கள் பெர்லினில் இதற்கென்றே மருத்துவமனை திறந்தார்கள், கொடுக்க முடிந்தவர் கொடுத்தார், முடியாதவருக்கு இலவசம். 1922-இல் வியன்னாவில் இன்னொன்று. ஆகவே, அதிகம் கொடுத்தால் அதிகம் பலிக்கும் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

கே: பேசுவதெல்லாம் சரி, நீங்கள் இலவசமாகப் பார்க்கிறீர்களா?

நியாயமான குத்து. இலவசமாக இல்லை. என் வாரத்தில் நான்கு இடங்கள் குறைந்த ஃபீஸுக்கு, வருமானத்தைப் பொறுத்து. கேட்கிறவர்களுக்குத்தான் கொடுக்கிறேன், கேட்காதவர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. இது சரியில்லை என்று எனக்கே தோன்றுகிறது. தெரியாமல் இருந்துவிட வேண்டாம், நீங்கள் கேட்டுவிடுங்கள்.

கே: சிபிடி நல்லதா, இஎம்டிஆர் நல்லதா?

சிபிடி என்பது எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் முறை, இஎம்டிஆர் என்பது கண்ணை அசைக்க வைத்துக்கொண்டே பழைய அதிர்ச்சி நினைவுகளை ஆற்றும் முறை. எதற்கு என்று சொல்லாமல் கேட்டால் எப்படி? கை கழுவிக்கொண்டே இருக்கிறீர்கள் என்றால், பயத்தை நேரில் சந்தித்துக் கழுவாமல் இருக்கப் பழக்கும் முறை தெரிந்தவரைத் தேடுங்கள். பெரிய அதிர்ச்சி என்றால் இஎம்டிஆர் தெரிந்தவரிடம் பேசிப் பார்க்கலாம். மற்றபடி, அந்த ஆளோடு உங்களுக்கு ஒத்துப்போகிறதா, எதை நோக்கிப் போகிறோம் என்பதில் இருவருக்கும் ஒரே எண்ணமா என்பதுதான் பெரிது.

கே: எத்தனை செஷனில் குணமாகும்?

மேலே இருக்கிறது.

கே: நண்பனின் மனைவி தெரபிஸ்ட், பாதி ஃபீஸுக்குப் பார்க்கிறேன் என்கிறார்.

வேண்டாம். தெரிந்தவர்களுக்குள் தெரபி சரிவராது, அவருக்கே அது தெரிந்திருக்க வேண்டும்.

கே: சாகலாம் போல இருக்கிறது. அடுத்த மாதம்தான் அப்பாயின்ட்மென்ட் கிடைத்தது.

அதுவரை காத்திருக்காதீர்கள். இன்றைக்கே அவசர உதவி எண்ணை அழையுங்கள், இல்லையென்றால் பக்கத்து மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள், கூட ஒருவரை அழைத்துக்கொள்ளுங்கள், தனியாக இருக்க வேண்டாம். வாரம் 50 நிமிடம் பார்க்கும் எங்களைப் போன்றவர்கள் இதற்குப் போதாது. அந்த அப்பாயின்ட்மென்ட் இருக்கட்டும், அதற்கும் போங்கள்.

கே: தோராயமாகவாவது எத்தனை செஷன் என்று...

எட்டு! எட்டில் நின்று யோசியுங்கள்!

கே: மூன்று தடவை போனேன், ஒட்டவே இல்லை. எப்படி விலகுவது?

முடிந்தால் நேரில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள், சில சமயம் அங்கேதான் உண்மையான பேச்சு ஆரம்பிக்கும். முடியாவிட்டால் இரண்டு வரி மின்னஞ்சல் போதும். காரணம் சொல்ல வேண்டிய கடமை இல்லை.

கே: நான்தான் மறுபடியும். 10 செஷனுக்கு ஏற்கெனவே கட்டிவிட்டேன்.

பாவி! திருப்பித் தருவதைப் பற்றி எழுத்தில் ஏதாவது இருக்கிறதா?

கே: இல்லை.

சரி, இன்றைக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள், போகாத ஏழு செஷனுக்கு என்ன செய்வீர்கள் என்று. பதில் வந்தால் அதுவாவது எழுத்தில் இருக்கும்.