ஜன்னலோர அக்கா பதில்கள்

கன்யாகுமரியிலிருந்து அஸ்ஸாமில் இருக்கிற திப்ருகர் வரைக்கும் நான் ஒற்றைக்கு ரயிலில் போய்வந்ததைப் போன இதழில் இரண்டு வரி சொல்லியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதி ஒரே கேள்வி: "தனியா போனா யாரோட பேசுவீங்க?" புதிதாகப் படிப்பவர்களுக்கு: நான் நாகர்கோவில்காரி, டெலிபோன் ஆபரேட்டராக இருந்து 2020 ஜனவரி 31-ல் விருப்ப ஓய்வில் வீட்டுக்கு வந்தவள். வெளியூர்ப் போன் பேச்சுகளை இணைத்துவிடுகிற டிரங்க் போர்டில் வேலை. மதுரை போர்டில் இருந்த ஒருத்தியோடு வருஷக்கணக்கில் பேசியும், முகம் பார்த்தது அவள் மகள் கல்யாணத்தில்தான். முன்பின் தெரியாத ஆளோடு பேசித்தான் சம்பளம் வாங்கினேன். அதனால் எனக்கு வருவது எல்லாருக்கும் வரும் என்று சொல்ல மாட்டேன்.

*வயது 27. அடுத்த மாதம் அமிர்தசரஸுக்குத் தனியாகப் போகிறேன். நானாகப் போய்ப் பேச்சுக் கொடுக்க எனக்கு வராது. மொபைலைப் பார்த்துக்கொண்டு அறையிலேயே கிடந்துவிட்டுத் திரும்பிவிடுவேனோ என்று பயம்.*
– வாசகி, ஈரோடு

பேச வராவிட்டால் பேச வேண்டாம் மக்களே. பொற்கோயிலில் பேச்சே தேவைப்படாத இடம் ஒன்று இருக்கிறது, லங்கர் அடுக்களை. ராப்பகலாக நடக்கிற இலவசச் சாப்பாடு. சாதாரண நாளிலேயே 50,000 பேருக்கு மேல் சாப்பிடுகிறார்கள். அத்தனைக்கும் வெங்காயம் உரிப்பதும் ரொட்டி தேய்ப்பதும் பெரும்பாலும் நம்மைப்போல் கும்பிட வந்த சனங்கள்தான். பெயர் கொடுக்க வேண்டாம், சீட்டு வாங்க வேண்டாம். தலையில் துணியைப் போட்டுக்கொண்டு, கையைக் கழுவிவிட்டுப் போய் உட்கார வேண்டியதுதான். 'சேவா' என்று ஒரு வார்த்தை தெரிந்தால் போதும்.

நான் பூண்டு உரிக்கிற கூட்டத்தில் உட்கார்ந்தேன். நகத்தால் நோண்டிக்கொண்டிருந்ததைப் பக்கத்தில் இருந்த கிழவி கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என் கையிலிருந்ததைப் பிடுங்கி, தரையில் வைத்து உள்ளங்கையால் ஓர் அழுத்து. தோல் தனியே வந்துவிட்டது. நான் "பூண்டு" என்றேன். அவள் "லசண்" என்றாள். அவ்வளவுதான் எங்கள் உரையாடல். அரை மணி கழித்து, உரித்ததோடு தோலையும் சேர்த்துப் போட்டதற்காக என்னைத் திட்டினாள். பஞ்சாபியில் திட்டினாலும் நம் சித்தி திட்டுகிற மாதிரியேதான் இருந்தது. சாப்பிடப் போகும்போது என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். ரொட்டிக்கு நான் ஒற்றைக் கையை நீட்ட, பரிமாறுகிறவர் அப்படியே நின்றார். கிழவி என் இன்னொரு கையையும் எடுத்துச் சேர்த்து வைத்தாள். இரண்டு கையும் ஏந்தித்தான் அங்கே ரொட்டி வாங்க வேண்டும்.

தட்டு கழுவுகிற பக்கம் முதல் நாளே போய்விடாதே, சத்தத்தில் காது அடைத்துக்கொள்ளும். தங்குவதற்குத் தனி அறை போடாமல், பெண்களுக்கான டார்மிட்டரியில் ஒரு கட்டில் எடு. எட்டுப் பேருக்கு ஒரு பிளக் பாயிண்ட் இருக்கும். மொபைலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்றாலே நாலு பேரிடம் பேசித்தான் ஆகவேண்டும்.

*"வீட்டுக்காரர் வரலையா, எத்தனை பிள்ளைகள்" என்று கேட்பவர்களிடம் என்ன சொல்கிறீர்கள்? எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, 41 வயது.*
– வாசகி, தஞ்சாவூர்

எனக்கும் ஆகவில்லை. ஒரு தடவை ஜி.டி. எக்ஸ்பிரஸில் டெல்லி போகும்போது, எதிர் சீட்டு அம்மாவிடம் "அவர் டெல்லியில் வேலை பார்க்கிறார்" என்று சொல்லிவைத்தேன். பொய்யோடு ஒன்றரை நாள் குடித்தனம் நடத்துவது லேசில்லை. பல்லார்ஷா தாண்டுவதற்குள் அவருக்குச் சர்க்கரை வியாதி வந்துவிட்டது. போபாலில் இரண்டு பையன்கள் பிறந்தார்கள். ஆக்ராவில் அந்த அம்மா, "ஸ்டேஷனுக்கு வருவார்தானே, எங்க வீட்டுக்காரருக்கு அறிமுகம் செய்து வையுங்கள்" என்றாள். மனிதரை அவசர அவசரமாக ஆபீஸ் மீட்டிங்குக்கு அனுப்பிவைத்தேன்.

அதற்கப்புறம் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். "ஐயோ பாவம்" வரும் என்று நினைத்துத்தான் சொன்னேன். பெரும்பாலும் வருவது "நல்ல காரியம் பண்ணினே". அதன் பிறகு அவர்கள் வீட்டுக்காரர் கதை தொடங்கும். இறங்குகிற வரைக்கும் நாம் வாயைத் திறக்க வேண்டியிருக்காது. ஆனால் ராத்திரி வண்டியில் ஆம்பிளை யாராவது துருவித் துருவிக் கேட்டால், மீட்டிங் பார்ட்டியை மறுபடி உயிரோடு எழுப்பத் தயங்க வேண்டாம்.

*மகள் தனியாக ரயிலில் போகிறாள். பிஸ்கட்டில் மயக்க மருந்து கொடுத்துத் திருடுகிறார்களே! யாரோடும் பழகாதே என்று சொல்லியிருக்கிறேன். சரிதானே?*
– வாசகர், விருதுநகர்

பிஸ்கட் வேண்டாம் என்பது சரி. பழகாதே என்பது சரியில்லை. சுற்றியிருக்கிற குடும்பத்தோடு நாலு வார்த்தை பேசிவைத்த பெண்ணின் பெட்டியை அந்தக் குடும்பமே பார்த்துக்கொள்ளும். மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தால் யாருக்கு என்ன?

சாப்பாட்டுக்கு என் வழி: கையில் முந்திரிக்கொத்தும் ஏத்தங்காய் வத்தலும் எப்போதும் இருக்கும். நான் கொடுப்பேன், வாங்க மாட்டேன். வற்புறுத்தினால், "ஆஜ் விரத் ஹை". இன்றைக்கு விரதம் என்றால் வடக்கே அடுத்த கேள்வியே கிடையாது. சொல்லி ஒரு மணி நேரம் கழித்து நான் முந்திரிக்கொத்து தின்பதைப் பார்த்த ஒரு மாமி, "தமிழ்நாட்டு விரதம் நல்லா இருக்கே" என்றாள்.

அவசரத்துக்கு ரயில்வே நம்பர் 139. தனியாகப் போகிற பெண்களை ரயில்வே பாதுகாப்புப் படை (ஆர்.பி.எஃப்.) பெண் போலீஸ் வந்து விசாரித்துப் போகிற 'மேரி சஹேலி' ஏற்பாடும் 2020-லிருந்து இருக்கிறது. என்னிடமும் வந்து சீட் நம்பர் குறித்துக்கொண்டு போனார்கள்.

*பயணத்தில் பழகியவர்களுக்குப் போன் நம்பர் கொடுக்கலாமா?*
– வாசகர், சேலம்

கொடுத்தேன். மூன்று வருஷமாகத் தினமும் காலை ஐந்தே முக்காலுக்கு ரோஜாப்பூ வருகிறது.

*வயது 64. மனைவி தவறி இரண்டு வருஷம். டூர் கோஷ்டியில் போனால் எல்லாரும் ஜோடியாக இருக்கிறார்கள். தனியாகப் போனால் இன்னும் மோசமாக இருக்குமோ?*
– வாசகர், திருநெல்வேலி

சில நேரம் இருக்கும் அண்ணாச்சி. சாயங்காலம் ஆறு மணிக்கு, ஊர் தெரியாத இடத்தில், ஒற்றை டீயை வாங்கிக்கொண்டு நிற்கிற பொழுது எனக்கு இன்னமும் பிடிக்காது. அதற்கு மருந்து எதுவும் நான் கண்டுபிடிக்கவில்லை. அந்த நேரத்தில் ரயிலுக்குள் இருக்கிற மாதிரி டிக்கெட் போட்டுக்கொள்கிறேன்.

திப்ருகர் போன விவேக் எக்ஸ்பிரஸ் 2011-ல் விட்ட வண்டி. 4,000 கிலோமீட்டருக்கு மேல், மூன்று நாளைத் தாண்டும். கன்யாகுமரியில் ஏறியதிலிருந்து கேரளா முழுக்க என்னிடம் ஒருத்தர் பேசவில்லை. டிரங்க் போர்டுக்காரிக்கே அந்த கதி. கோயம்புத்தூரில் ஓர் அஸ்ஸாம் பையன் ஏறினான், இரும்பு வார்க்கிற பவுண்டரியில் வேலை. என் பையைத் தூக்கி நகர்த்திவிட்டு, "ஏனுங்க்கா, எங்க எறங்கறீங்க?" என்றான். அசல் கொங்குத் தமிழ். அவனுக்கு நாகர்கோவில் தமிழ் பாதி புரியவில்லை. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

பையில் எங்கள் அம்மாவுடைய பித்தளைத் தாயக்கட்டை இருந்தது. பிஸ்கட் அட்டையில் கட்டம் போட்டு, நிலக்கடலையும் புளியங்கொட்டையும் காய்களாக வைத்தோம். விசாகப்பட்டினம் தாண்டுவதற்குள் அந்தப் பெட்டியில் பாதிப் பேருக்குத் தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும் என்று தெரிந்துவிட்டது. இரண்டு தடவை என் காயை வெட்டினான். ஒரு தடவை வெட்டிய கடலையைத் தின்றும்விட்டான். குவாஹாத்திக்கு முன்னால் பிரம்மபுத்திரா வந்ததும் ஆட்டத்தை நிறுத்தி, எல்லாரையும் ஜன்னல் பக்கம் கூப்பிட்டுக் காட்டினான். இறங்குவதற்கு முன் எனக்குத் தண்ணீர் பாட்டில் நிரப்பித் தந்தான். நம்பர் நானும் கேட்கவில்லை, அவனும் கேட்கவில்லை. அங்கிருந்து திப்ருகர் வரை மறுபடி தனிதான். அது கஷ்டமாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

உங்கள் மனைவி இருந்த இடத்தில் ஒரு பவுண்டரிப் பையன் வந்து உட்கார முடியாது. ஆனால் மூன்று நாள் உங்களோடு ஒருத்தன் தாயம் ஆடுவான். செகண்ட் ஏசியில் போடாதீர்கள். திரைச்சீலையை இழுத்துவிட்டால் பக்கத்தில் இருப்பது ஆளா மூட்டையா என்று தெரியாது. ஸ்லீப்பரில் போடுங்கள். முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது. எந்த ஊர் என்று எழுதுங்கள், வண்டி நான் சொல்கிறேன்.