ஸ்கிபரீன்: சந்தையில் உணவு இருந்தும் மக்கள் பட்டினியால் மடிந்த ஊர்

அயர்லாந்தின் சந்தை நகரம் ஒன்றின் வரலாறும் இயல்பும் எப்படிப்பட்டவை என்பது கேள்வி. கார்க் நகரில் பணிபுரிபவன் என்ற முறையில், நான் அடிக்கடி சென்றுவரும் ஸ்கிபரீனை வைத்தே இதற்குப் பதில் சொல்ல விரும்புகிறேன்.

கார்க் மாவட்டத்தின் தென்மேற்கில், ஐலன் ஆற்றங்கரையில் அமைந்த சிறிய ஊர் இது. சுற்றுப்புறப் பண்ணைகளின் வெண்ணெயும் தானியமும் கால்நடைகளும் விலைபோகும் இடமாகவே வளர்ந்தது. ஆனால் அதன் பெயரை உலகம் அறிந்தது 1845-இல் தொடங்கிய பெரும் பஞ்சத்தால்தான்.

அன்றைய குத்தகை விவசாயி தானியத்தை விற்று நிலக் குத்தகைப் பணம் செலுத்தினான். உருளைக்கிழங்கை உண்டு உயிர் வாழ்ந்தான். 1846-இல் கருகல் நோய் கிழங்கு விளைச்சலை ஏறத்தாழ முழுவதுமாக அழித்தபோது, அவனிடம் உணவும் இல்லை, உணவு வாங்கப் பணமும் இல்லை. ஸ்கிபரீன் சந்தையோ நின்றுவிடவில்லை. இறைச்சியும் ரொட்டியும் மீனும் அங்கே விற்பனைக்கு இருந்தன. வாங்கும் சக்திதான் மக்களிடம் இல்லை. இந்த ஊரைப் புரிந்துகொள்ள இந்த ஓர் உண்மையே அடிப்படை என்று கருதுகிறேன்.

நிவாரணம் என்ற பெயரில் அரசு சாலைப் பணிகளைத் தொடங்கியது. நாளொன்றுக்குச் சுமார் 8 பென்ஸ் கூலி, ஏறிக்கொண்டே போன மாவு விலைக்கு ஈடாகவில்லை. அதுவும் உரிய நேரத்தில் கிடைக்கவில்லை. 1846 அக்டோபரில், அருகிலுள்ள கஹேரா பகுதியில், கூலி பாக்கி நிற்க, சாலைப் பணியிலிருந்த தொழிலாளி ஒருவர் இறந்துபோனார். மரண விசாரணையில், பொதுப்பணி வாரியத்தின் கடும் அலட்சியத்தால் விளைந்த பட்டினிச் சாவு என்றே நடுவர் குழு தீர்ப்பளித்தது. அந்தத் துணிவை நான் மதிக்கிறேன். சந்தையில் தலையிடக் கூடாது என்ற கொள்கையில் உறுதியாக இருந்து, லண்டன் கருவூலத்திலிருந்து நிவாரணத்தை நிர்வகித்த சார்லஸ் டிரெவெல்யன்தான் 1859-இல் சென்னை மாகாண ஆளுநராக வந்தார் என்பதைத் தமிழ் வாசகர்கள் அறிந்திருப்பது நல்லது.

ஊருக்கு மேற்கே ஆற்றோரமாக உள்ள அபேஸ்ட்ரூரி இடுகாட்டில், 8,000 முதல் 10,000 பேர் வரை பெயர்க் குறிப்பின்றிப் புதைக்கப்பட்டதாக மதிப்பிடுகிறார்கள். சவப்பெட்டிகளுக்குப் பஞ்சம் ஏற்பட்டதால், அடிப்பலகை கீல் வைத்துத் திறக்கும் பெட்டியில் உடலைக் கொண்டுவந்து குழிக்குள் இறக்கிவிட்டு, அதே பெட்டியை அடுத்தவருக்கு எடுத்துச் சென்றார்கள். 1847-இல் ஓவியர் ஜேம்ஸ் மஹோனி இங்கு வந்து வரைந்த படங்கள் லண்டன் இதழில் வெளியான பிறகே இங்கிலாந்தின் பொதுமக்கள் பலருக்கு நிலைமை உறைத்தது.

பஞ்சத்தில் தந்தையையும் வீட்டையும் இழந்த ஒடோனவன் ரோசா, பின்னர் இதே ஊரில் கடை நடத்திக்கொண்டு 1856-இல் ஃபீனிக்ஸ் சங்கத்தைத் தொடங்கினார். ஆங்கிலேய ஆட்சிக்கு எதிரான ஃபீனியன் இயக்கத்தில் அச்சங்கம் கலந்தது. அந்தக் கோபம் புத்தகத்தில் பிறந்ததன்று. இந்தத் தெருக்களில் பிறந்தது.

இன்றைய ஊர் துயரத்தில் உறைந்துவிடவில்லை. உள்ளூர்ப் படகுச் சங்கம் வளர்த்த பால் ஒடோனவனும் ஃபின்டன் மெக்கார்த்தியும் டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக் போட்டிகளில் இலகு எடை இரட்டைத் துடுப்புப் படகுப் பிரிவில் தங்கம் வென்றார்கள். சனிக்கிழமைகளில் உழவர் சந்தை கூடுகிறது. பாலாடைக்கட்டி விற்பவரிடம் பேச்சுக் கொடுத்தால், எந்தப் பண்ணைப் பால் என்பதுவரை பொறுமையாக விளக்குகிறார். செல்ல நினைப்பவர்கள், பழைய எரிவாயு ஆலைக் கட்டடத்தில் இயங்கும் மரபு மையத்தை முதலில் பார்த்துவிட்டு, அதன் பிறகு இடுகாட்டுக்குச் செல்வது நல்லது.