காலை வணக்கமும் வருகைப் பதிவும்

அன்புள்ள ஐயா,

நான் குடியாத்தத்தில் இருக்கிறேன். ஓய்வு பெற்ற ஆசிரியை, வயது 67. கணவர் காலமாகிவிட்டார். மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். என் போனில் 11 வாட்ஸ்அப் குழுக்கள் இருக்கின்றன. தெருக் குழு, உறவினர் குழு, பழைய மாணவர்கள், ஓய்வூதியர்கள், கோயில் என்று எல்லாவற்றிலும் காலையில் எழுந்ததும் பூப்படம் போட்ட வணக்கங்கள் நூற்றுக்குமேல் வந்து கிடக்கும்.

போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். கணுக்காலில் எலும்பு விரிசல். எப்படியோ நகர்ந்து கட்டிலுக்கு வந்து ஒன்றரை நாள் அப்படியே கிடந்தேன். போன் கையில்தான் இருந்தது. தெருக் குழுவில் 43 பேர். 'விழுந்துவிட்டேன்' என்று எழுதக் கூச்சமாக இருந்தது, எழுதவில்லை. மூன்றாம் நாள் காலையில் பால்காரர் வந்து பார்த்திருக்கிறார். பையில் முந்தின நாள் பாக்கெட் எடுக்காமல் கிடந்தது. கதவைத் தட்டினார், அப்படித்தான் வெளியே தெரிந்தது. நான் கோலம் போடுவதை விட்டு நாளாகிறது. வாசலில் ஸ்டிக்கர் கோலம்தான்.

'கேட்டிருந்தால் வந்திருப்பார்கள்' என்கிறான் மகன். எனக்கு மனசு ஆறவில்லை. 43 பேர் கூட இருப்பதாக நினைத்துக்கொண்டு தனியாகத்தான் இருந்திருக்கிறேன். எல்லாக் குழுக்களிலிருந்தும் வெளியேறிவிடலாமா என்று யோசிக்கிறேன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ர., குடியாத்தம்

அன்புள்ள டீச்சர்,

எங்கள் பக்கத்தில் எல்லா ஆசிரியைகளையும் அப்படித்தான் கூப்பிடுவோம், நானும் அப்படியே கூப்பிடுகிறேன். கால் இப்போது எப்படி இருக்கிறது? கட்டு பிரித்த பிறகும் கொஞ்ச நாள் கைத்தடி இல்லாமல் நடக்காதீர்கள். குளியலறையில் ஒரு கைப்பிடி பொருத்தச் சொல்லுங்கள்.

உங்கள் மகன் சொல்வது சரிதான். கேட்டிருந்தால் வந்திருப்பார்கள். கேட்பவர்களுக்கு இந்தக் குழுக்கள் எப்படி உதவுகின்றன என்பதை நான் அனுபவித்திருக்கிறேன். சில வருஷங்களுக்கு முன் என் அம்மாவுக்கு இங்கே வேலூரில் அறுவை சிகிச்சை. ஏ நெகட்டிவ் ரத்தம் 3 யூனிட் ஏற்பாடு செய்யச் சொன்னார்கள். எங்கள் குடும்பத்தில் மற்ற எல்லோரும் பாசிட்டிவ். ராத்திரி ஒன்பது மணிக்கு ரத்ததானக் குழு ஒன்றில் எழுதினேன். மறுநாள் காலையில் மூன்று பேர் வந்து நின்றார்கள். ஒருவர் பேரணாம்பட்டில் தோல் தொழிற்சாலை வேலைக்காரர். ஷிப்ட் மாற்றிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க மாட்டார்கள் என்பதால் கேன்டீனில் இட்லி சாப்பிட வைத்துத்தான் உள்ளே அனுப்பினோம். பஸ் காசு கொடுத்தேன், வாங்கவே இல்லை. 'மூணு மாசம் ஆகட்டும் சார், மறுபடி வேணும்னா கூப்பிடுங்க' என்று சொல்லிவிட்டுப் போனார். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுக்கலாம், அவர் அந்தக் கணக்கை நாள் தவறாமல் வைத்திருந்தார்.

காட்பாடி ஸ்டேஷனில் இறங்கும் வங்காளக் குடும்பங்களையும் பார்க்கிறேன். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வைத்தியத்துக்கு வருகிறவர்கள். தமிழும் தெரியாது, ஊரும் தெரியாது. ஒருமுறை ஒரு பெண் தன் போனை நீட்டிக் காட்டினார். முன்பு வந்துபோன யாரோ வங்காள மொழியில் எழுதிவைத்த குறிப்பு. 1, 2 நம்பர் பஸ்ஸில் ஏறு, சமையல் செய்துகொள்ள இடமுள்ள லாட்ஜ் இந்தச் சந்தில் இருக்கிறது என்று எல்லாம் அதில் இருந்தது. ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர் தள்ளியிருந்து முகம் தெரியாத ஒருவர் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக் கூட்டி வந்திருக்கிறார். உங்கள் ஊரிலேயே 2021 நவம்பரில் மோர்தானா அணை நிரம்பிக் கவுண்டன்யா ஆற்றில் வெள்ளம் வந்தபோது எந்தப் பாலத்தில் தண்ணீர் ஏறியிருக்கிறது என்பதைப் பலரும் போனில்தான் தெரிந்துகொண்டிருப்பார்கள்.

ஆனால் இவை எல்லாம் குரல் கொடுத்தவர்களுக்குக் கிடைத்தவை. நீங்கள் குரல் கொடுக்கவில்லை. உங்கள் கடிதத்தை இரண்டு மூன்று முறை படித்தபோது எனக்குப் பட்டது அதுதான். வாசல் தெளிக்காத வீடு ஒன்று இருந்தால் பழைய தெருவுக்கு அது தெரியும். எட்டு மணியாகியும் கோலம் இல்லையென்றால் எதிர்வீட்டு அம்மா, 'என்ன, உடம்பு சரியில்லையா?' என்று எட்டிப் பார்ப்பார். அந்த வீட்டுக்காரர் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. குழுவில் பேசுகிறவர்கள் மட்டும்தான் தெரிவார்கள். 43 பேரில் ஒருவர் இரண்டு நாளாக ஒன்றும் எழுதவில்லை என்பது அங்கே யார் கண்ணிலும் படாது. எழுதாதவர் அங்கே இல்லாதவர் மாதிரி ஆகிவிடுகிறார். உதவி அதிகம் தேவைப்படுகிறவர்கள்தான் பெரும்பாலும் கேட்கக் கூச்சப்படுகிறார்கள், டீச்சர். உங்கள் கூச்சத்தைக் குறையாக நான் நினைக்கவே மாட்டேன்.

இதைச் சொல்லும்போது பழைய தெருவை நான் தூக்கிப் பிடிப்பதாக நினைக்காதீர்கள். அந்தக் கண் எல்லா வாசலையும் பார்க்கவில்லை. வடார்க்காட்டு ஊர்களில் ஊர்த்தெரு, தலித் மக்கள் இருந்த காலனியின் வாசலைப் பார்த்ததில்லை. காலனியில் ஒருவர் இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை என்றால் வேலைக்கு ஆள் வரவில்லை என்றுதான் ஊர்த்தெருவுக்குத் தெரிந்திருக்கும். வயசுப் பெண் எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறாள் என்பதையும் இதே கண்தான் எண்ணிக்கொண்டிருந்தது. அந்தப் பெண்ணுக்குப் போன் கொடுத்த மூச்சுக்காற்றை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

போனில் கேட்டதை மட்டும் நம்பி, எதிரில் இருப்பவரைப் பார்க்காமல் போனால் என்ன ஆகும் என்பதும் நம் பக்கத்திலேயே நடந்திருக்கிறது. 2018 மே மாதம் சென்னையிலிருந்து ஒரு குடும்பம் குலதெய்வக் கோயிலுக்குக் காரில் போளூர் பக்கம் வந்தது. வழி கேட்க நிறுத்திய இடத்தில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார்கள். பிள்ளை பிடிக்கிறவர்கள் நடமாடுகிறார்கள் என்ற வதந்தி அப்போது வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்தது. கூட்டம் சேர்ந்து அடித்ததில் 65 வயது அம்மா ஒருவர் இறந்துபோனார். பேத்தி வயதுப் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுக்கும் ஒரு பாட்டி கண்ணெதிரே நின்றார். அவரை யாரும் பார்க்கவில்லை, போனில் வந்ததைத்தான் பார்த்தார்கள். அந்த வருஷம் நாட்டில் பல இடங்களில் இப்படி நடந்தபின் ஜூலையில் வாட்ஸ்அப், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து சாட்டுகளுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி கட்டுப்பாடு கொண்டுவருவதாக அறிவித்தது. செய்தியின் வேகம் குறைந்திருக்கும். அந்தப் பாட்டியின் முகத்தை நின்று பார்க்க வைக்க அதனால் முடியாது.

அப்புறம் பேரணாம்பட்டுக்காரர். அவர் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். எட்டு மாதம் வேலை இல்லாமல் இருந்திருக்கிறார். அந்த எட்டு மாதமும் அவரும் நானும் ஒரே ரத்ததானக் குழுவில் இருந்தோம். அவர் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. எழுதவில்லை என்பதை நான் கவனிக்கவே இல்லை. குடியாத்தம் பஸ் ஸ்டாண்டில் தற்செயலாகப் பார்த்துப் பேசியபோதுதான் தெரிந்தது. என் அம்மாவின் உடம்பில் அவருடைய ரத்தம் ஓடியிருக்கிறது. அவரைத் தேட எனக்குத் தோன்றவில்லை. உங்கள் கடிதம் வந்ததும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அவர்தான். இன்னமும் உறுத்துகிறது.

வெளியேறலாமா என்று கேட்டீர்கள். ஓய்வூதியர் குழுவிலும் கோயில் குழுவிலும் இருப்பதும் விடுவதும் உங்கள் விருப்பம். தெருக் குழுவை மட்டும் விடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நான் இருப்பது வேலூர் சத்துவாச்சாரியில். பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்க, வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர்கள் எங்கள் தெருவில் மட்டும் ஒன்பது பேர். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு பெரியவர் தூக்கத்திலேயே போய்விட்டார். மறுநாள் சாயங்காலம்தான் எங்களுக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு ஒரு ஏற்பாடு செய்தோம். ஒன்பது பேரும் காலை எட்டு மணிக்குள் குழுவில் ஏதாவது ஒன்று போட வேண்டும். பூவோ சாமி படமோ ஒரு புள்ளியோ, எது வேண்டுமானாலும். பின்னத்தெரு அம்மா ஒருவர் பழைய டைரியில் பெயர் எழுதி டிக் போடுகிறார். எட்டரைக்குள் வராதவருக்குப் போன் போகும். எடுக்கவில்லையென்றால் பக்கத்து வீட்டுக்காரர் போய்த் தட்டுவார். யார் வீட்டு மாற்றுச்சாவி யாரிடம் இருக்கிறது என்பதும் அதே டைரியில் இருக்கிறது.

இதுவரை பல தடவை வீண் அலைச்சல்தான். ஒருவர் சொல்லாமல் திருப்பதி போயிருந்தார், இன்னொருவர் சார்ஜ் போட மறந்திருந்தார். ஒரே ஒரு தடவை போய்த் தட்டியபோது சர்க்கரை குறைந்து பேச்சுக் குழறி உட்கார்ந்திருந்தார் ஒரு அம்மா. ஆட்டோவில் கூட்டிக்கொண்டு ஓடினோம். இப்போது நன்றாக இருக்கிறார், தினமும் எட்டு மணிக்கு முன்னாலேயே முருகன் படம் போட்டுவிடுகிறார்.

நீங்கள் எத்தனை வருஷம் வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர் வாசித்திருப்பீர்கள்! 'உள்ளேன் அம்மா' என்ற குரல் வராத இடத்தில் நிமிர்ந்து பார்த்து, 'ஏன் இன்னிக்கு வரலை, யாருக்காவது தெரியுமா?' என்று பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கேட்டிருப்பீர்கள். பதிவேட்டில் பேர் இருந்தும் பதில் வராத பிள்ளையைக் கண்டுபிடிப்பது உங்களுக்குக் கைவந்த வேலை. உங்கள் தெருக் குழுவுக்கு அந்த வேலையைச் செய்ய ஒரு ஆள் வேண்டும். கால் சரியாகிற வரைக்கும் கட்டிலில் இருந்தபடியே செய்யலாம். தினமும் வந்து குவிகிற அந்தப் பூப்படங்களை இனி எரிச்சலோடு பார்க்க வேண்டாம், அவைதான் 'உள்ளேன் அம்மா'. யாருடையது வரவில்லை என்று மட்டும் பாருங்கள். தனியாக இருக்கிறவர்கள், கைக்குழந்தையோடு இருக்கிறவர்கள், பெரும்பாலும் வாய் திறக்காதவர்கள், இவர்கள் பெயரை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் பெயரையும் எழுதுங்கள். உங்களுக்கு டிக் போட இன்னொருவரை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று கேட்க வேண்டும். அந்தப் பால்காரர் உங்கள் தெருக் குழுவில் இருக்கிறாரா? தினமும் விடியற்காலையில் உங்கள் தெருவின் எல்லா வாசலுக்கும் போகிற ஒரே ஆள் அவராகத்தான் இருப்பார். இல்லையென்றால் இன்றைக்கே அவரைச் சேர்த்துவிடுங்கள்.

அன்புடன்.