கடைசி பஸ் எத்தனை மணிக்கு?

கேள்வி: மேடம், எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மருத்துவம், மனநலம்தான் சிறப்புப் பாடம். முடித்ததும் மனநல மருத்துவமனையில் வேலைக்குப் போக ஆசை. அதற்கு மேல் படிக்கும் எம்.ஃபில். பட்டம் இல்லாமல் முடியாது என்கிறார் சீனியர். எம்.ஃபிலையே எடுத்துவிட்டார்களே என்கிறார் அப்பா. யார் சொல்வது சரி?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: இருவர் சொல்வதிலும் பாதி பாதி சரி. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சைக்கியாட்ரிக் சோஷியல் ஒர்க்கர் (மனநல சமூகப்பணியாளர்) என்று சொல்வது, எம்.எஸ்.டபிள்யூ.வுக்கு மேல் அந்தத் துறையிலேயே இரண்டு ஆண்டு முழுநேர எம்.ஃபில். முடித்தவரை. மேற்பார்வையோடு கூடிய மருத்துவமனைப் பயிற்சியும் அதில் இருக்க வேண்டும். 2022-இல் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) எம்.ஃபிலை நிறுத்தியது, அப்பா படித்த செய்தி அதுதான். ஆனால் இந்தப் படிப்புக்கும் கிளினிக்கல் சைக்காலஜிக்கும் (மருத்துவ உளவியல்) மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை விலக்கு தந்தார்கள். அதனால் பெங்களூரு நிம்ஹான்ஸ், ராஞ்சி, தேஜ்பூர் என்று எந்த ஊர் மனநல நிறுவனத்துக்கு விண்ணப்பித்தாலும், அந்த ஆண்டு அறிவிப்பில் படிப்பின் பெயரையும் அங்கீகாரத்தையும் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். போதை மீட்பு மையம், தொண்டு நிறுவனம் என்றால் எம்.எஸ்.டபிள்யூ.வோடே எடுத்துக்கொள்வார்கள். ஓராண்டு அங்கே இருந்துவிட்டுப் போனாலும் நஷ்டமில்லை.

இரண்டு வருஷம் வீணா என்று வீட்டில் கேட்டால், என் கதையைச் சொல்லுங்கள். பயிற்சியில் நான் எழுதிய முதல் கேஸ் ஹிஸ்டரியில், 'நோயாளியின் தாய் ஒத்துழைப்பதில்லை, மூன்று மணிக்கே கிளம்பிவிடுகிறார்' என்று எழுதியிருந்தேன். மேற்பார்வையாளர் அந்த வரியைச் சிவப்பு மையால் சுழித்து, ஓரத்தில் 'கடைசி பஸ் எத்தனை மணிக்கு?' என்று எழுதித் திருப்பித் தந்தார். எனக்குக் கோபம்தான் வந்தது. மறுநாள் அந்தத் தாயிடமே கேட்டேன். அவர் ஊருக்கு மூன்றே முக்காலுக்கு ஒரு பஸ், அதை விட்டால் காலையில்தான். வீட்டில் கறவை மாடு வேறு. குடும்பச் சந்திப்பைக் காலை பத்தரைக்கு மாற்றினோம். அந்த அம்மா ஒரு நாள்கூடத் தவறவில்லை. எந்த மாத்திரையை மகன் துப்பிவிடுகிறான் என்பதும் அவர் சொல்லித்தான் வார்டுக்கே தெரிந்தது.

இப்படிச் சுழித்துக் காட்ட ஓர் ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். புத்தகத்தை வீட்டிலும் படித்துக்கொள்ளலாம். சேரும் முன் அங்கே படிக்கும் மாணவர்களிடம் ஒன்று கேளுங்கள்: வாரத்தில் எத்தனை முறை உங்கள் ரெக்கார்டை உட்கார்ந்து பார்க்கிறார்கள்? 'கையெழுத்து மட்டும் போடுவார்கள்' என்றால் வேறு இடம் பாருங்கள்.

அப்புறம், உங்கள் ஃபீல்டு ஒர்க் ரெக்கார்டுகளைப் பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள். நேர்காணலுக்கு முன் அவற்றைத்தான் புரட்டுவீர்கள்.