முடிவில்லாத ஆறும் பழைய கட்டிலும்: வாசகர் கேள்வி – பதில்

கேப் டவுனில் வேலை பார்க்கும் அக்கா மகனோடு ஒன்பது நாள் தென்னாப்பிரிக்கக் கிராமப்புறத்தைக் காரில் சுற்றி வந்த கதையைப் போன இதழில் எழுதியிருந்தேன். ஸ்டெல்லன்போஸ், ஸ்வெல்லண்டாம், அவுட்ஸ்ஹோர்ன், க்ராஃப்-ரைநெட் என்று வழியெல்லாம் டச்சுக்காரர்கள் விட்டுப்போன பெயர்கள். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பெயர்களைப் பற்றித்தான். முப்பது வருடம் தபால் ஆபீசில் உட்கார்ந்து ஊர்ப் பெயர்களோடு மல்லுக்கட்டியவளிடம் வேறு என்ன கேட்பீர்கள்!

இந்தப் பெயர்களுக்கு அர்த்தம் உண்டா? இல்லை, ஹாலந்தில் இருக்கிற ஊர்ப் பெயர்களையே தூக்கிவந்து வைத்துவிட்டார்களா?
— வாசகர், மதுரை

பெரிய ஊர்கள் பலவற்றுக்கு அதிகாரிகளின் பெயர்தான். ஸ்டெல்லன்போஸ் என்றால் ஸ்டெல்லின் காடு. 1679இல் சிமோன் வான் டெர் ஸ்டெல் என்ற கேப் பகுதியின் தலைமை அதிகாரி தன் பெயரையே வைத்துக்கொண்டார். ஸ்வெல்லண்டாமில் ஒரு தம்பதியே குடியிருக்கிறார்கள். கவர்னர் ஸ்வெல்லன்கிரேபலில் பாதி, அவர் மனைவியின் பிறந்த வீட்டுப் பெயரான டென் டாமில் பாதி. க்ராஃப்-ரைநெட்டும் அப்படியே: கவர்னர் வான் டி க்ராஃப், மனைவி ரைநெட். நம் ஊரில் புது வீட்டு வாசலில் கணவன் பெயரையும் மனைவி பெயரையும் ஒட்டி ஓர் 'இல்லம்' போடுவோமே, அதை ஊர் அளவில் செய்திருக்கிறார்கள்.

அவுட்ஸ்ஹோர்ன் கதை கொஞ்சம் பாவம். அவுட்ஸ்ஹோர்ன் என்ற குடும்பத்துப் பிரபு ஒருவரை கேப் கவர்னராக நியமித்தார்கள். பதவியேற்க வரும் வழியிலேயே 1773இல் கப்பலில் இறந்துபோனார். ஊரே 19ஆம் நூற்றாண்டில், ஆங்கிலேயர் காலத்தில்தான் உருவானது. பெயர் டச்சு என்பதால் ஊரும் டச்சுக்காரர் கட்டியது என்று நினைத்துவிடாதீர்கள்.

எனக்குப் பிடித்தவை ஆள் பெயர் இல்லாத சின்ன இடங்கள். கரூ என்கிற அந்த வறண்ட வெளியில் எங்கே திரும்பினாலும் 'ஃபொன்டைன்' என்று முடியும் பலகை. ஊற்று என்று அர்த்தம். தண்ணீர் அரிதான இடத்தில்தான் தண்ணீரைப் பெயராக வைப்பார்கள் போலும். நம் இராமநாதபுரம் பக்கம் ஊருணி, ஏந்தல் என்று முடியும் ஊர்களை நினைத்துக்கொண்டேன். 'இரண்டு எருமைகளை ஒரே குண்டில் சுட்டு வீழ்த்திய ஊற்று' என்று 44 எழுத்தில் பெயர் வைத்த பண்ணைகூட அந்த நாட்டில் உண்டு. அதை உறையில் எழுதித் தபாலில் போட்டிருந்தால் எங்கள் ஆபீசில் முத்திரை குத்த இடம் இருந்திருக்காது.

எங்கள் ஊரும் 1658 முதல் 1781 வரை டச்சுக்காரர் கையில்தான் இருந்தது. அவ்வளவு தூரம் போனீர்களே, நம்மவர்கள் சுவடு ஏதாவது கண்ணில் பட்டதா அம்மா?
— வாசகி, நாகப்பட்டினம்

இந்தக் கேள்வி வரும் என்று எதிர்பார்த்தேன். உங்கள் ஊரிலிருந்து வந்ததும் பொருத்தம்தான்.

ஸ்டெல்லன்போஸ் தோன்றிய அதே 1679இல்தான் கேப் டவுனில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் அடிமைகளை அடைத்துவைக்கும் கட்டடத்தையும் கட்டினார்கள். இன்று அது அருங்காட்சியகம். டச்சுக் கம்பெனி அடிமைகளை மடகாஸ்கர், மொசாம்பிக், இந்தோனேசியத் தீவுகள், வங்காளம், நம் சோழமண்டலக் கரை என்று பல இடங்களிலிருந்து கேப்புக்குக் கொண்டுபோனது. பஞ்சமும் போரும் வந்த வருடங்களில் நம் கரையில் ஆட்களை வாங்குவது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது. போய் இறங்கியவர்களின் சொந்தப் பெயரைப் பதிவேட்டில் எழுத யாரும் மெனக்கெடவில்லை. ஏதோ ஒரு கிறித்துவப் பெயர், பின்னால் 'வான் கோரமண்டல்', 'வான் டி குஸ்ட்'. அதாவது கோரமண்டலை, நம் சோழமண்டலத்தைச் சேர்ந்தவர், கரையைச் சேர்ந்தவர். சிலருக்கு மாதப் பெயரையே வைத்தார்கள். செப்டம்பர், அக்டோபர் என்ற குடும்பப் பெயர்கள் கேப் பகுதியில் இன்றும் இருக்கின்றன. கவர்னருக்கும் அவர் மனைவிக்கும் ஊரே பெயர் தாங்கி நிற்கிறது. சுவர் எழுப்பியவருக்கு ஒரு மாதம். அந்தக் கட்டடத்தில் அரை மணி நேரத்துக்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை.

இதில் ஒரு முடிச்சு உண்டு. ஸ்டெல்லன்போஸுக்குத் தன் பெயரை வைத்த வான் டெர் ஸ்டெல் இருக்கிறாரே, அவருடைய அம்மாவின் அம்மா இந்தியக் கடற்கரையைச் சேர்ந்த பெண்!

அப்புறம் ஒரு சந்தோஷமான விஷயம். வழியில் ஓர் அருங்காட்சியகத்தில் பழைய மாட்டு வண்டி வைத்திருந்தார்கள். உள்ளே மரச்சட்டத்தில் தோல்வார் பின்னிய படுக்கை, நம் கயிற்றுக் கட்டில் மாதிரியே. அதற்கு அங்கே 'காட்டல்' என்று பெயர். அது நம் கட்டிலேதான்! தமிழிலிருந்து போர்ச்சுக்கீசியம் வழியாக, டச்சிலிருந்து அங்கே பிறந்த ஆப்பிரிக்கான்ஸ் மொழிக்குப் போன சொல். பதிலுக்கு டச்சுக்காரர் நமக்குத் தந்துபோனவற்றில் துட்டு உண்டு. 'டொய்ட்' என்பது அவர்களுடைய செப்புக் காசு. கக்கூஸும் அவர்கள் கொடுத்ததுதான். இலங்கைத் தமிழர் ஆபீசைக் கந்தோர் என்பதும் டச்சுச் சொல்லிலிருந்து வந்தது. கட்டிலைக் கொடுத்துக் கக்கூஸை வாங்கியிருக்கிறோம், வியாபாரம் யாருக்கு லாபம் என்று நீங்களே சொல்லுங்கள்.

ஸ்வெல்லண்டாமில் 1747இல் கட்டிய பழைய நீதிபதி வீட்டையும் பாருங்கள். சமையலறைத் தரை சாணி மெழுகியது. அக்கா மகன் ஆச்சரியப்பட்டுப் படம் எடுத்தான். நான் குனிந்து தொட்டுப் பார்த்தேன், அவ்வளவுதான்.

குடும்பத்தோடு போகலாம் என்று இருக்கிறோம். நாமே கார் ஓட்டலாமா? ரோடு எப்படி?
— வாசகர், கோவை

தாராளமாக ஓட்டலாம். நம்மைப் போலவே இடப்பக்கம்தான் போக்குவரத்து. உரிமம் ஆங்கிலத்தில், படத்தோடு இருக்க வேண்டும். பன்னாட்டு அனுமதியையும் கையில் வைத்திருந்தால் வாடகைக் கார்க்காரர்களிடம் பேச்சு மிச்சம். சிக்னலை 'ரோபோ' என்கிறார்கள். 'அடுத்த ரோபோவில் திரும்பு' என்று வழி சொன்னால் மிரளாதீர்கள். பெட்ரோலை நாமே போட்டுக்கொள்ள முடியாது, ஆள் வந்து போடுவார், கண்ணாடியும் துடைப்பார். நான் 10 ரேண்டு கொடுத்தேன். கரூவுக்குள் நுழையும் முன் டேங்கை நிரப்பிவிடுங்கள். இருட்டிய பின் ஓட்ட வேண்டாம், மான் குறுக்கே வரும்.

மண் ரோடு பற்றி மட்டும் நான் பட்டதைச் சொல்கிறேன். அவுட்ஸ்ஹோர்னுக்கு வடக்கே ஸ்வார்ட்பெர்க், அதாவது கருமலை. மலையைத் தாண்டி வடக்கே போக, கிழக்கே தள்ளி மெய்ரிங்ஸ்போர்ட் என்ற பள்ளத்தாக்கு வழியாக நல்ல தார் ரோடு இருக்கிறது. ஒரே ஆற்றை 25 முறை கடக்கும் அழகான வழி. நாங்கள் அதை விட்டுவிட்டு, 1888இல் திறந்த பழைய மலைப்பாதையில் ஏறினோம். கைதிகளை வைத்துக் கட்டிய பாதை. சாந்து பூசாமல் கல்மேல் கல் அடுக்கிய தாங்கு சுவர்கள் இன்னும் நிற்கின்றன. சுவர் நின்றது, எங்கள் டயர் நிற்கவில்லை. கூரான கல் கிழித்துவிட்டது. ஜாக்கியைத் தேடி எடுப்பதற்குள், பிக்கப் வண்டியில் வந்த ஒரு விவசாயி இறங்கி, ஒரு வார்த்தை பேசாமல் சக்கரத்தை மாற்றிக் கொடுத்துவிட்டு, 'அழுத்தாதே தம்பி, மெதுவா போ' என்கிற தோரணையில் கையைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். காரைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் தெரிந்தது, மண் ரோட்டில் டயர் கிழிந்தால் காப்பீடு கிடையாது என்று ஒப்பந்தத்தின் நான்காம் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. நாலாம் பக்கத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

நாங்கள் சுத்த சைவம். அந்த ஊர்களில் பட்டினிதானா?
— வாசகி, கும்பகோணம்

கரூ ஆட்டுக்கறிக்குப் பேர்போன இடம், சிரமம்தான். ஆனால் சாலையோரப் பண்ணைக் கடைகளில் தணலில் சுட்ட ரொட்டி கிடைக்கும், சூடாக வெண்ணெய் தடவித் தருவார்கள். காபியில் முக்கித் தின்ன ரஸ்க் உண்டு. பூசணிக்காய் பணியாரம் ஒன்று இருக்கிறது, முட்டை சேர்ப்பார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். 'அட்சார்' என்று எழுதிய பாட்டிலைப் பார்த்தால் தயங்காமல் வாங்குங்கள், ஊறுகாய்தான்.

விடுதலை வந்து இத்தனை வருடம் ஆகியும் அந்தப் பெயர்களை ஏன் வைத்திருக்கிறார்கள்? நாமெல்லாம் மாற்றவில்லையா?
— வாசகர், சேலம்

அங்கும் மாற்றுகிறார்கள். அய்டன்ஹாக் என்ற ஊர் 2021இல் கரியேகா ஆனது. க்ராஃப்-ரைநெட்டில் இது பெரிய சண்டை. நிறவெறிக்கு எதிராகப் போராடி ராபன் தீவில் சிறையிருந்த ராபர்ட் சொபுக்வே 1924இல் பிறந்த ஊர் அது. 1978இல் அவரை அடக்கம் செய்ததும் அங்கேதான். அவர் பெயரை ஊருக்கு வைக்க வேண்டும் என்று ஒரு பக்கம், கூடாது என்று ஒரு பக்கம். 2026 பிப்ரவரியில் அமைச்சர் பெயர் மாற்றத்துக்கு ஒப்புதல் கொடுத்தார். அவர் கல்லறையை ஒரு முறைக்கு மேல் உடைத்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால், கம்பெனி அதிகாரியையே 1795இல் துரத்திவிட்டுத் தனிக் குடியரசு அறிவித்த ஊர் அது. அதற்கு ஒரு கம்பெனி கவர்னரின் பெயர் எந்தக் காலத்திலும் பொருந்தவில்லை. ஆனால் நான் மூன்று நாள் விருந்தாளி. வரி கட்டுகிறவர்கள் முடிவு செய்யட்டும்.

'க்ராஃப்' என்று எழுதுகிறீர்கள். அப்படித்தான் சொல்ல வேண்டுமா?
— கல்லூரி மாணவி, திருச்சி

இல்லை. முதல் எழுத்தைத் தொண்டையைக் கனைத்துக்கொண்டே சொல்ல வேண்டும். 'அஃது' என்பதில் வரும் ஆய்தத்தைத் தமிழாசிரியர் சொல்லிக்கொடுத்தபடி ஒழுங்காகச் சொல்லத் தெரிந்தால் முக்கால்வாசி வந்துவிடும். எனக்கு இரண்டாம் நாள் வந்துவிட்டது. அக்கா மகனுக்கு ஆறு வருடமாகியும் வரவில்லை, ஆங்கில மீடியம்.

பார்த்த பெயர்களில் ஒன்றே ஒன்றைச் சொல்லுங்கள் அக்கா.
— வாசகி, தூத்துக்குடி

ரிவியர்-சொண்டர்-எண்ட். கேப் டவுனிலிருந்து ஸ்வெல்லண்டாம் போகும் நெடுஞ்சாலையில் வரும் சின்ன ஊர். 'முடிவில்லாத ஆறு' என்று பொருள். ஆற்றின் பெயரே ஊருக்கும். வண்டியை நிறுத்தி, பலகையின் அடியில் நின்று படம் எடுத்துக்கொண்டேன். அப்புறம் வரைபடத்தை விரித்துப் பார்த்தால், அந்த ஆறு ஸ்வெல்லண்டாமுக்கு முன்பே பிரீட என்ற இன்னோர் ஆற்றில் கலந்து முடிந்துபோகிறது. "இதைப் பார்த்தியாடா?" என்றேன்.

"பலகையில் அதை எழுத இடம் இல்லை சித்தி" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான்.